துவரம்பருப்பு, கூடுதல்

முட்டை நாலாயிரம். தக்காளி அறுநூறு கிலோ.
கொத்தமல்லி வேண்டாம் என்பதைச்
சிவப்பில் அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தார்கள்.
அந்த நாட்டோடு நமக்குப் போன மாதம்தான் ஒப்பந்தம்.

லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குச்
சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற கம்பெனி.
நான் பில் போடுகிறவள்.
வெளியுறவுக் கொள்கை எனக்கு
விடிகாலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் தொடங்குகிறது.

யார் யாரோடு என்பது பேப்பரில் வருமுன்பே தெரிந்துவிடும்.
கடனுக்குக் கொடு என்று மேலிருந்து போன் வந்தால், நண்பன்.
முன்பணம் வாங்கிக்கொள் என்றால், பேச்சு நடக்கிறது.
கேட் பாஸே வரவில்லை என்றால்
நான் பார்த்திராத ஏதோ பனிமலையில்
யாரோ யாரையோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியிருக்கிறார்கள்.
அப்படி ஒரு கத்திரி வெயிலில்
எண்ணூறு கிலோ முட்டைக்கோஸ் லாரியிலேயே அழுகியது.
"அவங்களுக்கு மலை, நமக்குக் கோசு" என்றார்
முதலாளி நெய்னார் மரைக்காயர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பிறகு அந்தச் சாம்பல் நிற ரோந்துக் கப்பல்.
நம்முடையதுதான், பழசு.
நாலு மாதம் இங்கேயே பழுது பார்த்து, பெயரைச் சுரண்டி,
பக்கத்துத் தீவுக்கு அன்பளிப்பு.
பேண்டு வாசித்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள்.
இருபத்தொரு நாள் சாமான் நாங்கள்தான் ஏற்றினோம்.
கிரேன் கொக்கி நழுவி அரிசி மூட்டைகள் விழுந்ததில்
இடப்பக்கக் கைப்பிடிக் கம்பி வளைந்தது.
அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கையெழுத்திட்ட அதிகாரியிடம்
ஏன் சார் சும்மா குடுக்கறோம் என்று கேட்டேன்.
"நாம குடுக்கலைன்னா வேறொருத்தன் குடுப்பான்மா."
சின்ன வயசு அவருக்கு. பொய் சொல்லத் தெரியாத முகம்.

ரசீதில் 'நல்லெண்ணம்' என்று ஒரு வரி இருந்தது.
அதற்கு ஜிஎஸ்டி எவ்வளவு என்று
ஆடிட்டர் இன்னும் சொல்லவில்லை.

பதினோரு மாதம் கழித்து
காசிமேட்டிலிருந்து போன படகில்
என் தம்பி எத்திராஜும் இன்னும் பத்துப் பேரும்.
யாரோ போனில் எடுத்த படம், பாதி வானம், பாதி கூச்சல்.
பக்கவாட்டில் வந்து அணைகிறது ஒரு சாம்பல் கப்பல்.
பெயர் வேறு. கொடி வேறு.
இடப்பக்கக் கம்பி வளைந்திருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
மனு கொடுத்தோம். மேலே ஒரு கடிதம் தயாரானது.
அந்த வாரம் தீவுக்காரர்களோடு
ஏதோ துறைமுகக் கையெழுத்து இருந்ததால்
கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்றார்களாம்.
'கண்டனம்' போய் 'கவலை' வந்தது.
ஒரு சொல்லுக்கு எத்தனை நாள் சிறை என்று
கணக்குப் போட எனக்குத் தெரியும். போடவில்லை.

நாற்பத்தேழாம் நாள் வந்தான். படகு வரவில்லை.
"அவங்களையும் சொல்லக் கூடாதுக்கா,
நம்ம மடி அவங்க வலைய அறுத்துக்கிட்டுத்தான் போவுது."
அப்புறம், நெடுநேரம் கழித்து,
"பருப்பு நல்லா இருந்துச்சு. நம்ம ஊரு பருப்பு மாதிரி."

இன்று இரண்டாவது கப்பல்.
அதே பேண்டு. அதே அதிகாரி,
தோளில் ஒரு கோடு கூடியிருக்கிறது.
எழுபது பேருக்கு இருபத்தொரு நாள் என்று பட்டியல்.
ஓரத்தில் பென்சிலால் இன்னொரு கணக்கு, என்னுடையது:
பதினோரு பேர், நாற்பத்தேழு நாள்,
ஆளுக்கு எண்பது கிராம்.
நாற்பத்தொரு கிலோவும் சொச்சமும்.
ஐம்பது கிலோ மூட்டை ஒன்று, பில்லில் வராமல்.
"இது எதுக்கும்மா?" என்றார்.
வெளியே கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.
காதில் விழாதவள் போல மேலே பார்த்தேன்.

கொக்கி இந்த முறை நழுவவில்லை.
கம்பி நேராகவே இருக்கிறது.
இனி எதை வைத்து அடையாளம் காண்பேன்.